கம்பெனிப் போர்வை

பாஞ்சாலி மகனின் விரலில் அந்தக் கிளிப்பை மாட்டியபோது யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்குள் மாட்டிவிட்டாள். ஸ்ரீதரை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிக் கூடத்தில் கிடத்திப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஐஸ் பெட்டிக்காரன் வாசலில் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும் சின்ன நீலக் கிளிப் அது. வீட்டில் காய்ச்சலோடு கிடந்த ஐந்து நாளும் அவன் விரலில்தான் இருந்தது.

இப்போதும் அது சொன்னது. எண்பத்தைந்து.

"பாருடி சசி! ஓடுது பாருடி! எம்புள்ள உயிரோட கீறான்!"

ஸ்ரீதரின் அக்கா சசிரேகா பார்த்தாள். சிவப்பு எழுத்தில் எட்டும் ஐந்தும் நின்று எரிந்தன. நேற்று ஆஸ்பத்திரியிலும் இதே எண்தான். ஆக்சிஜனை எவ்வளவு ஏற்றினாலும் ஏறவில்லை, குறைத்தாலும் இறங்கவில்லை. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி எண்பத்தைந்திலேயே உட்கார்ந்திருந்தது. சாவு வீட்டுக்கு வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அடுத்த வீட்டு சரோஜா அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்ரீதரோடு வேலை பார்த்த வானமாமலைதான் முன்னால் வந்து மண்டியிட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பாஞ்சாலியின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல விலக்கினான். எண் இரண்டு கோடாகி அணைந்தது.

"ஒங்க கை நடுங்குதும்மா. அந்த நடுக்கத்தத்தான் அது எண்ணுது. கம்பெனில சென்சார் செக் பண்ணுதப்பயும் இப்படித்தான், கை ஆடுனா ஒரே நம்பரக் காட்டும்."

"அப்ப நேத்து ஆஸ்பத்திரில காட்டுச்சே, அங்க யார் கை நடுங்குச்சு?" என்று பாஞ்சாலி கேட்டாள்.

அதற்குள் பெட்டிக்காரன் உள்ளே வந்துவிட்டான். உடம்பைத் தூக்கி வைத்துக் கண்ணாடி மூடியைச் சாத்தியதும் அது உர்ரென்று ஓட ஆரம்பித்தது.

வானமாமலை வாசல் பந்தலில் வந்து நின்றான். சசிரேகா அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். சாவு வீட்டில் அபிப்பிராயம் சொல்ல ஆள் தேவைக்கு மேலேயே இருக்கும், தண்ணீர் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றாது.

"அக்கா, எங்க லைன்ல பதினாலு பேருக்குக் காய்ச்சல். எல்லாருக்கும் ஒரே வைரஸ்னு டெஸ்ட்ல சொன்னாங்க. ஒரே மாத்திரை. நாங்க எல்லாம் அஞ்சாம் நாளே ஷிப்டுக்கு வந்துட்டோம்லா. இவனுக்கு மட்டும் ஏங்க்கா இப்படி?"

சசிரேகாவுக்குப் பாதிப் பதில் தெரியும். நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியில் எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சிவப்பாக இல்லை, சாக்லேட் நிறம். சிறுநீர்ப் பை கருங்காப்பியாக நிறைந்திருந்தது. கண்ணில் மஞ்சள்.

"உங்க தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார் டாக்டர்.

"இரும்பு பார்ட்டுக்குத் துரு பிடிக்காம எண்ணெய் தடவுறது, சார்."

"அப்ப சொன்னா புரியும். ரத்த அணுவுக்கும் அப்படி ஒரு எண்ணெய் உண்டுன்னு வெச்சுக்கோங்க. அதைத் தயார் பண்ற நொதி ஒண்ணு இவருக்குப் பிறவியிலேயே கம்மி. சும்மா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. வைரஸ் வந்தா உடம்பு பூரா துரு ஏத்துற சமாச்சாரம் பெருகும். நமக்கெல்லாம் தாங்கும், இவரு ரத்தம் தாங்காது, உடையும். ஆனா இந்த அளவுக்கு உடைஞ்சிருக்குன்னா காய்ச்சல் மட்டும் இல்ல, கூட வேற ஏதோ சேந்திருக்கு. வேற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? இல்ல, பாச்சை உருண்டை வெச்ச துணி?"

இல்லை சார் என்று அடித்துச் சொன்னாள் சசிரேகா. படப்பையில் வாழ்க்கைப்பட்டவள், தம்பிக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் நாலு நாள் எட்டிப்பார்க்காதவள், என்ன தெரியும் என்று அப்படிச் சொன்னாளோ.

டாக்டர் போகிறபோது இன்னொன்றும் சொன்னார். "இது அம்மா வழியா வர்றது. பொண்ணுங்க சுமப்பாங்க, பசங்களைத் தாக்கும். உங்களுக்கும் இருக்கலாம். பையன் இருந்தா ஒரு ரத்த டெஸ்ட் பாத்துடுங்க."

பையன் இருக்கிறான். பத்து மாதம். புருஷோத்தமன் என்று மாமனார் பெயரை வைத்துவிட்டு, அவ்வளவு பெரிய பெயரால் கூப்பிட முடியாமல் புருசு என்று கூப்பிடுகிறார்கள். இப்போது உள்ளே பாஞ்சாலியின் மடியில் கிடந்து அவள் தாலிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

"சசி, சுடுகாட்டுல ஆதார் கேப்பாங்களாம். அவனுது எங்க கீதுன்னு பாரும்மா." அப்பா தசரதன் பந்தல் காலைப் பிடித்தபடி சொன்னார். காலையிலிருந்து அந்தக் காலை விடவில்லை.

"எல்லாம் டிரங்குப் பெட்டில கீது" என்று பாஞ்சாலி உள்ளேயிருந்து சொன்னாள்.

பெட்டி உள் அறையில் கட்டிலடியில் இருந்தது. மூடியைத் தூக்கியதும் வாசனை முகத்தில் அறைந்தது. காலையில் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஏதோ ஒன்று மூக்கில் நெருடிக்கொண்டே இருந்தது, மாலை வாடை, ஊதுபத்தி வாடை என்று நினைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்திருந்தது ஒரு சிவப்புப் போர்வை. ஐந்து வருஷ சர்வீசுக்கு ஆயுத பூஜையன்று கம்பெனியில் கொடுத்தது, ஓரத்தில் கம்பெனிப் பெயர் தைத்தது. மடிப்புக்கு மடிப்பு வெள்ளை வெள்ளையாகப் பாச்சை உருண்டை.

"அத்த, வூடெல்லாம் இந்த வாசனதான், இத யாரு வெளிய எடுத்தா?"

சரோஜா அத்தை கதவோரம் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத ஏன் கேக்குற. புள்ளைக்குக் குளிர் ஜொரம்னு ஒங்கம்மாதான் புதுசாவே எடுத்துக் குட்த்தா. அஞ்சு நாளும் தலையோட போத்திகினு கெடந்தான். செத்தவன் போத்துனத தூக்கிப் போடுன்றேன், கேக்க மாட்டேன்றா. காத்தால திரும்ப உருண்ட போட்டு உள்ள வெச்சுட்டா. வூட்ல இருக்கலாமா சொல்லு?"

சசிரேகா போர்வையை எடுத்துத் தரையில் வைத்தாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவன் ஐடிஐ சர்டிபிகேட், மார்க் ஷீட், ஆதார். அவற்றோடு ஒரு பழைய மஞ்சள் அட்டை. பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்று கொடுத்தது. ஸ்ரீதர், வயது இரண்டு. முழுக்க இங்கிலீஷ். அவனுக்கு ஒருமுறை உடம்பெல்லாம் மஞ்சளாகி அம்மா பஸ் பிடித்து ஓடிய வருஷம். இவனுக்கு இதெல்லாம் ஆகாது என்று ஒரு பட்டியல், பெரும்பாலும் மாத்திரைப் பெயர்கள். கடைசி வரியைச் சசிரேகா எழுத்துக்கூட்டிப் படித்தாள். நாப்தலீன் உருண்டை, அதாவது பாச்சை உருண்டை. கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்கள்.

பூச்சி அரிக்கக் கூடாதென்று அந்த உறைக்குள்ளேயே நாலு உருண்டை போட்டிருந்தாள் அம்மா. இருபத்தைந்து வருஷமாக அட்டை ஒரு மூலைகூட மடியாமல் இருந்தது.

அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. போனில் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"புள்ள தும்முறான்டி." பாஞ்சாலி புருசுவைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தாள். "ஐஸ் பெட்டிக் காத்து ஆவல. அந்தப் போர்வைய குடு, மாமன் போர்வ, போத்தி இங்கயே படுக்க வெக்கறேன்." குனிந்து ஒரு முனையைப் பிடித்துக் குழந்தையின் தலைமேல் இழுத்தும் விட்டாள்.

"அய்யோ, விடும்மா!"

சசிரேகா பிடுங்கிய வேகத்தில் இரண்டு உருண்டைகள் சிதறிக் கட்டிலடியில் ஓடின. குழந்தை வீரிட்டது. பாஞ்சாலி மகளையே பார்த்தாள்.

"இன்னாடி? இன்னா ஆச்சு ஒனக்கு?"

அட்டை கையில் இருந்தது. சொல்ல நாலு வார்த்தை போதும். சொன்னால் இந்த மனுஷி ராத்திரிவரை உயிரோடு இருப்பாளா? வைரஸ்தான் கொன்றது என்று அடித்துச் சொல்லவும் ஆளில்லை, போர்வைதான் கொன்றது என்று சொல்லவும் ஆளில்லை.

"அவனுக்குக் குளிரும்மா," என்றாள் சசிரேகா. "ஐஸுக்குள்ள கெடக்கறான். இது அவன் ஒழைச்சு வாங்குனது. அவனோடயே போவட்டும்."

பாஞ்சாலியின் முகம் கோணிக்கொண்டு வந்தது. போர்வையைத் தடவினாள். தைத்திருந்த கம்பெனிப் பெயரை விரலால் ஒருமுறை துடைத்தாள்.

"நீயே போத்தி வுடு. கழுத்து வரைக்கும் போத்து. தூக்கத்துல ஒதச்சுத் தள்ளிடுவான்."

மஞ்சள் அட்டையைப் போர்வை மடிப்புக்குள் செருகிப் போர்த்திவிட்டாள் சசிரேகா. மூன்று மணிக்கு மேளம் எழும்பியது. வானமாமலையும் லைன் பையன்கள் மூன்று பேரும் தோள் கொடுத்தார்கள். சிவப்புப் போர்வை தெருமுனை திரும்பும்வரை தெரிந்தது.

வீடு கழுவி விட்டார்கள். இரண்டு பக்கெட் பினாயில் ஊற்றியும் அந்த வாசனை போகவில்லை. கட்டிலடியில் ஓடியவற்றில் ஒன்றுதான் அகப்பட்டது, இன்னொன்றை எவ்வளவு தேடியும் காணோம். அகப்பட்டதையும் பெட்டியில் மிச்சமிருந்ததையும் அள்ளிக்கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் கொட்டி, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள் சசிரேகா.

பாஞ்சாலி விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஆதாரோட ஒரு மஞ்ச அட்ட இருந்துச்சே, பாத்தியா? அந்த டாக்டரம்மா எதயோ இங்கிலீஷ்ல எழுதிக் குட்த்து, பத்திரமா வெச்சுக்கோ, புள்ள உயிரு இதுலதான் கீதுன்னு சொல்லிச்சு. பூச்சி கீச்சி அரிச்சிடலையே?"

"இல்லம்மா. அப்படியே இருந்துச்சு."

"நான் வெச்சா அப்படித்தான்" என்றாள் பாஞ்சாலி.

புருசு வாசலோரம் காற்றுப் படும்படி போட்ட பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். நீலக் கிளிப் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. சசிரேகா அதை எடுத்துத் துடைத்து, குழந்தையின் கால் கட்டைவிரலில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கோடு மின்னியது. பிறகு எண் வந்தது.

எண்பத்தைந்து.

அவள் சட்டென்று கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, எண் மாறுவதற்காகக் காத்திருந்தாள்.