நாற்பத்துநான்காம் பாகம்

ஒரு கதை எந்த வரியில் முடிகிறது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி சென்னை மாநகராட்சி எல்லைக்குள் தனக்கு ஒருவனுக்குத்தான் இருக்கிறது என்று அபிராமபுரம் நிரஞ்சன் தன் இருபத்தொன்றாவது வயதில், கல்லூரி இலக்கிய மன்றத்தின் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை. கூட்டத்தில் ஏழு பேர்தான் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள். அதற்குப் பதினோரு நாள் கழித்து அவன் தங்கை ஹம்சினி டெங்குவில் செத்துப்போனாள். ஒரு வருஷமும் இரண்டு வாரமும் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஹாலில் ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

நிரஞ்சனின் தீர்ப்பு 'செம்மணல் வாள்' என்ற ஆங்கில வரிசையைப் பற்றியது. ஏழு பாகம். பாலைவனம், வாள், சூனியக்காரிகள், ஹார்வெக் என்ற முரடன். ஏழாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், உப்புக்கோட்டை வாசலில், ஹார்வெக் செத்துப்போகிறான்; கதை அந்த வரியோடு முடிந்தது என்பதுதான் தீர்ப்பு. எழுதியவரும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். இனி யாரும் இதைத் தொட்டு எழுதக்கூடாது என்று அவருடைய வாரிசுகள் வக்கீல் வைத்துச் சொன்னார்கள். அது ரஷ்யாவில் ஒருவர் காதிலும் விழவில்லை. அங்கே ஒன்பது பேர் ஆளுக்கொரு பொய் இங்கிலீஷ் பெயரை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், ஹார்வெக்கை எழுப்பி உட்காரவைத்து நாற்பத்துமூன்று பாகம் எழுதித் தள்ளினார்கள். பாலைவனத்தை நேரில் பார்க்காதவர்கள் என்பதால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் பனி பெய்யவிட்டார்கள்.

அண்ணனும் தங்கையும் அந்த ஏழு பாகங்களை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் படித்து வளர்ந்தவர்கள். ஹார்வெக் செத்ததை ஹம்சினி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "செத்துட்டான்னு அச்சடிச்சுட்டா செத்துடுவானாண்ணா?" என்று கேட்டாள். ரஷ்யர்கள் பற்றிக் கேள்விப்பட்டு, பாண்டி பஜார் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் மெஹபூப் அலியிடம் சொல்லிவைத்தாள். எட்டு மாதத்தில் அவர் ஒரு கோணி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். "உள்ள இன்னா எழுதிகீதுன்னு எனக்குத் தெரியாதும்மா. அட்டையில கத்தி கீது, அதான் எடுத்தாந்தேன்" என்றார். அவர்கள் அப்பா சுப்பராமன் இளவயதில் கம்பெனி செலவில் ரஷ்யாவுக்குப் போய் இரண்டு வருஷம் டர்பைன் படித்தவர். ரிட்டையர் ஆகும்வரை மெஷின் கையேடுகளை மொழிபெயர்த்தவர். தீபாவளி கழிந்ததும் வாசித்துக் காட்டுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார். நிரஞ்சன் கோணியைக் காலால் தள்ளிவிட்டு, "பொணத்துக்குப் பவுடர் போடறவா எழுதினதை எல்லாம் ஒருத்தி படிக்கணும்னா அவளுக்கு வேற வேலை இல்லைன்னு அர்த்தம்" என்றான். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் காய்ச்சல் வந்தது.

வருஷக் காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போனபிறகு, சுப்பராமன் கோணியை அவிழ்த்து முதல் பாகத்தை எடுத்தார். காலி ஹாலில் சத்தமாக, ரஷ்ய எழுத்தைப் பார்த்து அப்படியே தமிழில் வாசித்தார். கையேடு தவிர வேறெதையும் மொழிபெயர்த்துப் பழக்கமில்லாததால் அவருக்குத் தெரிந்த ஒரே பேச்சு வீட்டுப் பேச்சுதான். ஹார்வெக் வாளை உருவிண்டு கோட்டைக்குள் நுழைந்து, "ஆத்துல யாரு?" என்று கர்ஜித்தான். சூனியக்காரி, "காலை அலம்பிண்டு உள்ள வாங்கோ" என்றாள். மூன்றாம் பக்கத்தில் உத்தரத்திலிருந்து பனி இறங்கியது. நாலாம் பக்கத்தில் ஹம்சினி உட்கார்ந்திருந்தாள், முட்டியைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன அதே மஞ்சள் சுடிதாரில். அத்தியாயம் முடிந்ததும் எழுந்து போய்விட்டாள். மறுநாள் நாலரைக்கு அப்பா புத்தகத்தைத் திறந்தபோது மறுபடி வந்தாள். அம்மா கோமளம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு டம்ளர் காபி கூடக் கலந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். பனியில் அது உடனே ஆறிப்போனது. அடுத்த நாளிலிருந்து டபராவால் மூடிவைத்தாள்.

வாத்தியாரைக் கேட்டார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, இதற்குத் தீட்டு இல்லை, ஆனால் தரை வழுக்கும், பார்த்து நடங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டு சாய்நாத், குடியிருப்போர் சங்கச் செயலாளர், தன் கூரையில் ஈரம் கசிகிறது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். நாலாவது முறை எழுதவந்தவர் ஹாலில் ஹம்சினியைப் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் செலவிலேயே பூச்சு வேலை பார்த்துக்கொண்டார். பாலவாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் கெங்கம்மா, தெருமுனை டீக்கடையில் விஷயத்தைக் கேள்விப்பட்டு, தினமும் ஐந்தரை மணிக்குப் பின்படிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நின்றாள். கோமளம் பனியை முறத்தால் அள்ளி அதில் போட்டாள். அதன்பின் எந்தக் கோடையிலும் அந்தத் தெருவில் வாங்கின வஞ்சிரம் கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை.

இப்படி ஏழு வருஷம் போனது. பாகங்கள் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் சுப்பராமன் முதலில் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்தார், பிறகு அரை, பிறகு மூன்று பக்கம். ஹம்சினிக்குப் பதினெட்டு வயது தாண்டவே இல்லை. நிரஞ்சன் தரமணியில் வேலைக்குச் சேர்ந்தான், முன்தலை வழுக்கை விழுந்தது. ஒரு நாளும் ஹாலில் வந்து உட்காரவில்லை. நாலரை மணிக்கு வீட்டில் இருந்தால் அறையைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். முடிந்தது முடிந்ததுதான், இது ஏமாற்று வேலை என்று நண்பர்களிடம் சொன்னான். உண்மையில் அந்தச் சுருங்கின முகத்தை மறுபடி பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "அண்ணா எங்கப்பா?" என்று அவள் தினமும் கேட்பாள். "ஆபீஸ்ல" என்பார் சுப்பராமன். ஹெட்போனில் பாட்டு எதுவும் ஓடாததால் இரண்டுமே அவனுக்குக் கேட்கும்.

நாற்பத்துமூன்றாம் பாகம் ஒரு பிப்ரவரி மாதம் தீர்ந்தது. கடைசிப் பக்கத்தில் ஹார்வெக் பனிக்காட்டு வழியே குதிரையில் போய்க்கொண்டிருந்தான், போய்ச்சேர்ந்தானா என்று போடவில்லை. "அவ்ளோதானா?" என்றாள் ஹம்சினி. சுப்பராமன் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. அவள் எழுந்து போனாள். மறுநாள் வரவில்லை. சுப்பராமன் முதல் பாகத்தை எடுத்துத் திரும்ப ஆரம்பித்தார், உத்தரத்திலிருந்து பழைய சுண்ணாம்புதான் உதிர்ந்தது. ரஷ்யாவுக்குக் கடிதம் போட்டார். அந்த ஒன்பது பேரில் இருவர் இறந்துவிட்டார்கள், மற்றவர்கள் ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பதில் வந்தது. தானே எழுத உட்கார்ந்தார். யாரோ எழுதினதைத்தான் அவரால் சொல்ல முடியும், தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு வரிகூட நகரவில்லை. கோமளம் காபியை மூடிவைத்து, ராத்திரி எடுத்துக் கொட்டினாள். மூன்றாவது வாரம் கலப்பதை நிறுத்தினாள். சாப்பிடுவதையும் கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தாள்.

கெங்கம்மா மட்டும் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை பின்படிக்கட்டில் அவளும் அப்பாவும் பேசுவது நிரஞ்சனின் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"இன்னா சாமி, பாப்பா இன்னிக்கும் வர்லியா?"

"கதை முடிஞ்சுடுத்தும்மா."

"முடிஞ்சா இன்னா? டிவில ஈரோ பூட்டான்னா வேற ஆள வச்சி ஓட்டிக்கினுதான கீறாங்க? உன் ஊட்ல அம்மாம் படிப்பு படிச்சவன் ஒர்த்தன் கீறானே, அத்தெ எழுதச் சொல்றது."

"அவனுக்கு இதெல்லாம் பிடிக்காதும்மா."

"புடிக்காதா? தங்கச்சி சாமி அது! சோறா, புடிக்குது புடிக்கலன்னு சொல்றதுக்கு?"

நிரஞ்சன் ஜன்னலைச் சாத்தினான். திங்கட்கிழமை ஆபீசில், மேனேஜர் பார்த்தால் வேலை மாதிரி தெரிகிற அளவு முகத்தை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். ஒன்பது நாளில் பதினாலு பக்கம் ஆயிற்று. ரஷ்யர்கள் நடுப்பெயராக அப்பா பெயரை வைத்துக்கொள்வார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், முதல் பக்கத்தின் மேல் இவான் சுப்பராமனொவிச் என்று போட்டான்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, மெஹபூப் அலி கடையில் இன்னொரு பாகம் கிடைத்தது என்று அப்பாவிடம் சொன்னான். சுப்பராமன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். தமிழில், மகன் கையெழுத்தில், நீல மையில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். நிரஞ்சன் அதில் உட்கார்ந்தான். ஹார்வெக் பாலைவனத்து வழியே வந்துகொண்டிருந்தான். மணல் மேல் பனி பெய்தது என்று வாசித்தான். தாளில் ஈரம் பட்டு மை கலங்கியது. அவன் நிமிரவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கம் துணி உரசும் சத்தம் கேட்டது, சமையலறையில் டம்ளர் எடுக்கும் சத்தமும்.

"இது யார் எழுதினதுண்ணா?"

"யாரோ புது ரஷ்யன்."

"சுமாராத்தான் எழுதறான்."

"ஆமாம். கத்துக்குட்டி."

"பரவால்லை. படி."

பதினாலாம் பக்கம் வந்தபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. பதினைந்தாம் பக்கத்தை அவன் இன்னும் எழுதியிருக்கவில்லை. வெள்ளைத் தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் வாசித்தான்.