நிறுத்தச் சொன்னவள்

மழை ஓய்ந்த பிற்பகலின் சாய்வெயில், அடுக்குவீடுகளின் ஈரச் சுவர்களைத் தடவியபடியே இறங்கி, உலர்த்திய துணிகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த சந்தினைக் கடந்து, தெருக்கோடி வீட்டின் உயர்ந்த பலகணி வழியே நுழைந்து, நிறங்கள் தெறித்துக் காய்ந்த ஓர் அறையின் தரையில் களைத்துப் படுத்துக்கொண்ட வேளை அது. அந்த அறைக்குரிய ஓவியரின் துயரத்தைத்தான், அன்புடையீர், இப்போது கேட்கப் போகிறீர்கள்.

மலரென்றும் முகமென்றும் மலையென்றும் பெயர் சொல்லக்கூடிய எதையும் அவர் தீட்டியதில்லை. ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை அப்பி, அது காயுமுன் மழுங்கிய கத்தியால் சுரண்டுவார். அடியில் புதைந்த நிறம், மறந்துபோன பெயர் திடீரென நாவுக்கு வருவதுபோல் எட்டிப் பார்க்கும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருந்தது முழுச் சூட்சுமமும். ஓர் இழுப்பு மிகுந்தாலும் அத்தனையும் சேறாகிவிடும். அந்த நிறுத்தம் மட்டும் அவருக்குக் கைவரவே இல்லை. முப்பது ஆண்டுகளாக மனைவிதான் வாசலில் வந்து நின்று, பார்த்து, "போதுங்க, இதுக்கு மேல சுரண்டுனா பின்னாடி இருக்கற சுவருதான் தெரியும்!" என்பாள். முணுமுணுத்துக்கொண்டே கத்தியைக் கீழே வைப்பார். அவரது ஓவியங்களின் அடக்கத்தைச் சுவைஞர்கள் வாயாரப் புகழும்போதெல்லாம், "அது என் மனைவியின் கண்" என்று நெஞ்சு நிமிர்த்துவார்.

சென்ற ஆண்டு அவள் மறைந்தாள். அதன்பின் தொட்ட ஒன்பது ஓவியத்துணிகளும் சேறாயின. அவள் கடைசியாக நிறுத்திய ஓவியம் ஒன்றே எஞ்சியிருந்தது. மறுநாள் அதைக் காட்சிக்கூடத்தார் எடுத்துச் செல்வதாக ஏற்பாடு. அன்று பார்த்து, அதன் ஓரத்து நீலம் சற்றே தடித்திருப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டது. பொதிந்து கட்டுவதற்காக மகள் உள்ளே வந்தபோது, காய்ந்த நிறத்தையும் விடாமல் சுரண்டியதில் ஓவியத்தின் நடுவே வெறுந்துணி வாய்பிளந்து கிடந்தது.

"அப்பா! அம்மா பாத்து முடிச்சதாச்சே, இதுலயுமா கை வெச்சீங்க?"

"ஒரே ஒரு இழுப்புன்னுதாம்மா நெனச்சேன். நிறுத்தத் தெரியல. அவ கண்ணு எனக்கு ஏது?"

மகள் அவர் காலடியில் வந்து அமர்ந்தாள்.

"அம்மா படத்தைப் பாத்ததே இல்லப்பா."

"என்னம்மா உளர்றே?"

"நெசமாத்தான். எனக்கு இதுல தலையும் புரியல, வாலும் புரியலடின்னு சிரிப்பாங்க. உங்க மணிக்கட்டைத்தான் பாப்பாங்க. அது நடுங்க ஆரம்பிச்சதும் போதும்பாங்க. கை வலிக்குதான்னு கேட்டா உங்கப்பா ஒத்துக்க மாட்டாரு, படம் நல்லா வந்துடுச்சுன்னு சொன்னா கேட்டுக்குவாருன்னு சொல்வாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு வேற சொல்லியிருந்தாங்க."

உலகம் அடக்கமென்று கொண்டாடிய இடமெல்லாம், தம் கை சோர்ந்த இடமென்றும், அச்சோர்வைக் கண்டு பொறாத ஒருத்தி ஓடிவந்து நின்ற இடமென்றும் உணர உணர, ஓவியரின் கண்கள் நிறைந்தன. வலக்கையை இடக்கையால் மெல்லப் பற்றினார். முப்பது ஆண்டுகளாக வேறொருத்தி தன் நெஞ்சில் தாங்கியிருந்த அந்த வலி, முதன்முதலாக அவர் மணிக்கட்டில் விண்ணென்று தெறித்தது. ஓவியம் எங்கே முடிகிறதென்று கற்றவர்கள் வழக்காடிக்கொள்ளட்டும். தம்மை நோக்கிய ஒரு பார்வை எங்கே வந்து முடிந்ததென்பதை அவர் அந்த வலியில் அறிந்தார், அன்புடையீர், காலம் கடந்து.