பட்டாணி சீட்டில் இல்லை

தொங்கிய கன்டெய்னர் காற்றில் ஆடியது. செந்தூர்வேல் பல்லைக் கடித்துக்கொண்டு லீவரை இழுத்து அதை நிறுத்தினான். நிற்காதது அவன் வயிறுதான்.

நாற்பது மீட்டர் உயரம். காலுக்குக் கீழே கண்ணாடி, அதற்கும் கீழே கப்பல். மணி பன்னிரண்டு ஐம்பது. கிரேன் கேபினில் ஏசி உண்டு, மெத்தை வைத்த இருக்கை உண்டு. அவனுக்கு அவசரமாகத் தேவைப்பட்ட ஒன்று மட்டும் தரையில் இருந்தது.

லிஃப்டில் மூன்றே நிமிடம். ஆனால் போன மாதம் ஒருமுறை பாதி ஷிஃப்டில் இறங்கியாயிற்று. "இன்னொருக்க எறங்குன, பெர்மனன்ட் கெடையாதுல" என்று சூப்பர்வைசர் பகவதி அன்றே சொல்லிவிட்டார். ஒன்றரை வருடமாக அவன் தற்காலிக ஆள்.

எல்லாம் காலை ஆயுதபூசையால் வந்தது. கிரேனுக்கு மாலை, பொட்டு, சூடம். பகவதி தன் கையால் சுண்டலை நீட்டினார். செந்தூர்வேல் தன் வயிற்றுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பத்தியச் சீட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். கடலை ஆகாது, மொச்சை ஆகாது, பயறு ஆகாது. அந்தச் சீட்டுக்குப் பயந்து ஆறு மாதமாக மனைவி ரம்யா குழைந்த சோறும் மோரும்தான் கட்டிக் கொடுக்கிறாள். தட்டில் இருந்ததோ பட்டாணி. சீட்டில் அந்த வார்த்தையே இல்லை! இரண்டு கை அள்ளிப் போட்டான்.

சுருக்கென்று ஒரு பிடி. வாக்கிடாக்கியில் பகவதியைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, அடுத்த ஷிஃப்ட் ரோச்ச கொஞ்சம் முன்னால ஏறச் சொல்லுங்களேன்."

"ஒன்றரைக்குத்தாம்ல ஆள் மாத்து. கொரலு என்ன ஒரு மாதிரி இருக்கு?"

வயிறு என்று எப்படிச் சொல்வது? வாக்கிடாக்கியில் துறைமுகம் முழுக்கக் கேட்குமே.

"வெயிலு அண்ணாச்சி."

"ஏசிக்குள்ள என்ன வெயிலு?" கீழே இருந்து ரோச் குறுக்கே புகுந்தான். "கால பின்னிக்கிட்டு நெளியுதான் அண்ணாச்சி, இங்கன இருந்தே தெரியுது!"

"ஏலே ரோச்சு, ஏறி வாயேம்ல."

"சோறு திங்கேன்ல. மீன் கொழம்பு. ஒனக்கு மோர்ச்சோறுதான?"

யார் யாரோ சிரித்தார்கள்.

ஒன்று பத்து. ஒன்று இருபது. கீழே கப்பலில் ஆட்கள், அவர்கள் தலைக்கு மேல் அவன் பிடித்திருக்கும் இருபது டன். விட்டுவிட்டு எழ முடியாது. இம்மி இம்மியாக இறக்கி வைத்தான். கொக்கி விடுபட்ட சத்தம் கேட்டதும் எழுந்தான். ஒன்று இருபத்தெட்டு.

"அண்ணாச்சி, வயிறு தாங்கல. பெர்மனன்ட் போனா போவுது, எறங்குதேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டே நிமிசம் பொறுல. ஒரு விசயம் சொல்லணும்."

"இப்பமே சொல்லுங்க!"

"ஒன்றரை ஆவட்டும்."

அவன் லிஃப்டுக்குள் பாய்ந்தான். கூண்டு முனகிக்கொண்டு ஊர்ந்தது. கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். பெர்மனன்ட் போயிற்று. ரம்யாவிடம் என்ன சொல்ல?

கதவு திறந்தது. வழியை மறித்தபடி பகவதி. கையில் ஒரு கவர், கண் கடிகாரத்தில்.

"வழி விடுங்க அண்ணாச்சி!"

"ஒன்றரை தாண்டிட்டு, இனி சொல்லலாம். பெர்மனன்ட் ஆர்டர்ல, பன்னெண்டே காலுக்கே என் கைக்கு வந்துட்டு. ராகுகாலத்துல நல்ல சேதி சொல்லக்கூடாதுன்னுதான் வாயப் பொத்திட்டு இருந்தேன்."