இலங்கையைப் பார்த்த ஆன்டெனா

மிளகாய்க் களத்திலிருந்து வீடு திரும்பும்போது செல்லச்சாமி முதலில் பார்ப்பது கூரைக்கு மேலே நிற்கும் ஆன்டெனாவைத்தான். உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் டிவி இருந்த வீடுகளே நாலைந்து. அதில் இவனுடைய பைப்தான் உயரம். பெரிய மீன் ஒன்றைத் தின்று முள்ளை மட்டும் குத்தி வைத்தாற்போல, பனைகளுக்கு மேலே அது நிற்கும். அதன் மூக்கு வடமேற்கே பார்த்தால் கொடைக்கானல். தென்கிழக்கே கடலைப் பார்த்தால் இலங்கை. தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்த்தே இந்த வீட்டில் எந்தப் பக்கத்துப் படம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

காலையில் கொடைக்கானலைப் பார்த்துக்கொண்டிருந்த மூக்கு அன்று சாயங்காலம் இலங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆன்டெனாவ யாரு திருப்புனா?"

அவன் பெண்டாட்டி சண்முகவள்ளி அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே சொன்னாள். "காத்துல திரும்பியிருக்கும்."

காற்றா? மாசி மாதம். களத்தில் உதிர்ந்த மிளகாய்க் காம்புகூட இடம் மாறாத நாள். செல்லச்சாமி கைகால் கழுவிக்கொண்டே அந்தப் பதிலை மென்றான். நான்தான் திருப்பினேன் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். இலங்கைப் படம் பார்ப்பது ஒன்றும் குற்றமில்லை. கொடைக்கானல் படம் குருணை கொட்டினாற்போலப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். இலங்கைப் படமோ தண்ணீர் மேலேயே வருவதாலோ என்னவோ, கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் எதற்குப் பொய்?

இரவு சோற்றில் கை வைத்தபோதுதான் அடுத்தது உறைத்தது. ஆன்டெனாவை ஒரு ஆள் திருப்ப முடியாது.

பைப் இருப்பது வீட்டுக்குப் பின்புறம். டிவி இருப்பது முன்கூடத்தில். பைப்பின் அடியில் குறுக்கே செருகிய கம்பியைப் பிடித்து ஒருவர் மெல்ல மெல்லச் சுற்ற வேண்டும். இன்னொருவர் டிவி முன்னால் உட்கார்ந்து, "இல்ல... இல்ல... ஆங், வருது... நிப்பாட்டு" என்று கத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் டிவி இருக்கிற வீடுகளில் எல்லாம் புருஷன் பைப்பில், பெண்டாட்டி டிவி முன்னால். பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகள் கத்தும். இவன் வீட்டில் பிள்ளை கிடையாது. இவன் போனால் அவள் ஒருத்திதான்.

அப்படியென்றால், அவள் பைப்பைச் சுற்றும்போது உள்ளே இருந்து கத்தியது யார்?

ஒரு கவளம் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினான்.

"என்னங்க, விக்குதா?" என்றாள் சண்முகவள்ளி. அவள் முகத்தைப் பார்த்தான். புதிதாக ஒன்றும் இல்லை. அதுவே அவனுக்குச் சரியாகப் படவில்லை.

பக்கத்துச் சுவருக்கு அப்பால்தான் தம்பி மருதுபாண்டியின் வீடு. அங்கே கேட்கலாமென்றால் பேச்சு வார்த்தை இல்லை. வரப்பில் நின்ற ஒரு பனை யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை, அண்ணன் தம்பி சட்டையைப் பிடித்துக்கொள்வதில் முடிந்திருந்தது. அன்றைக்கே செல்லச்சாமி தெருவே கேட்கச் சொல்லிவிட்டான். "அந்த வீட்டு ஆளு எவராச்சும் என் வாசல்ல கால வச்சா, வள்ளி, நீ ஒங்க அப்பன் வீட்டுக்கு நடையக் கட்டு." அதிலிருந்து இரண்டு வீட்டுக் கோழிகூடக் கலப்பதில்லை.

மறுநாள் உரம் வாங்கப் போவதாகச் சொல்லி உச்சிப்புளிக்கு சைக்கிளை மிதித்தான். ஆன்டெனா நட்டுக் கொடுத்த சதக்கின் ரேடியோக் கடை அங்கேதான். சிரிப்புக்காரன். பைப் நட வந்த அன்று, "அக்கா, இன்னொரு சொம்பு மோரு" என்று உரிமையோடு கேட்டு வாங்கிக் குடித்தவன். அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

கடை சாத்தியிருந்தது. உச்சி வெயில். எதிரே டீக்கடையில் நின்றான். வாங்கிய டீ கையிலேயே ஆறியது. இந்நேரம் கடையைச் சாத்திவிட்டு இவன் எங்கே போவான்? எந்த ஊருக்குப் போவான்? திரும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று அவன் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது, சதக் தொப்பியைக் கழற்றி மடித்தபடி வந்தான்.

"என்னண்ணே, இந்த வெயில்ல?"

"கடைய அடைச்சுப்புட்டு எங்கிட்டுப் போயிருந்த?"

"லுஹர் தொழப் போயிருந்தேன். என்னண்ணே, தாசில்தார் கணக்கா கேக்குறீக?"

செல்லச்சாமி கடைப் பலகையில் கிடந்த ஒரு திருகாணியை எடுத்து உருட்டினான். "ஆன்டெனாவ ஒத்தையாளா திருப்ப முடியுமாப்பா?"

"திருப்பலாம். படத்தத்தான் கொண்டாற முடியாது. கடலத் தாண்டி வார படம்ல? ஒரு விரக்கடை தப்புனா போச்சு. வெளிய ஒராளு, உள்ள ஒராளு வேணும். இல்லேன்னா பைப்புக்கும் டிவிக்கும் ஓடி ஓடி நாக்குத் தள்ளிரும்."

சண்முகவள்ளி முழங்கால் வலிக்காரி. மிளகாய் நிரையில் குனிந்து எழவே முனகுவாள். ஓட மாட்டாள்.

"எதுக்குண்ணே கேக்குறீக?"

"சும்மாதேன்."

சதக்கின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சும்மாவா இம்புட்டுத் தொலவு மிதிச்சு வந்தீக? அண்ணே, வீட்டுல வெளியாளு எவரும் தங்கியிருக்காகளா? கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்குது. இந்த நேரத்துல எந்நேரமும் லங்கா பக்கமே திருப்பி வச்சிருந்தா, எவனாச்சும் போயிச் சொல்லிப்புடுவான். நட்டது யாருன்னு என்னையவும்ல இழுப்பாக?"

"எவரும் தங்கல."

"அப்பச் சரி" என்றான் சதக். சரி என்று நினைத்த முகமாக இல்லை. செல்லச்சாமி சைக்கிளில் ஏறித் தெரு திரும்பும்வரை கடை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மூக்கு கொடைக்கானல் பக்கம்தான் இருந்தது. ஆனால் டிவியைப் போட்டால் வெறும் குருணை. யாரோ திருப்பிவிட்டு, அவசரத்தில் சரியாகத் திரும்ப வைக்காமல் போயிருக்கிறார்கள். சண்முகவள்ளி தானாகவே டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் பைப்பைச் சுற்ற, "வருது... நிப்பாட்டுங்க" என்று அவள் கத்தினாள். இதே குரல் மத்தியானம் பைப் பக்கத்தில் நின்று, "வருதா?" என்று யாரையோ கேட்டிருக்கும். இதே கம்பியில் அவள் கை இருந்திருக்கும்.

சாக்குத் தைக்கிற நூலை எடுத்துவந்தான். பைப்பையும் பக்கத்து ஜன்னல் கம்பியையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஒரு சுற்றுக் கட்டினான். பைப் அசைந்தால் நூல் அறும். அவ்வளவுதான்.

அடுத்த நாள் வந்து பார்த்தான். நூல் அறவில்லை. மனசு லேசானது. கையை வைத்துத் தடவியபோது முடிச்சு தட்டுப்பட்டது. அவன் போட்டது சாக்கு மூட்டைக்குப் போடுகிற முரட்டு முடிச்சு. இது சின்னதாக, அழுத்தமாக, பூக்கட்டுகிற முடிச்சாக இருந்தது. அறுந்ததை யாரோ திரும்பக் கட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

அன்றைக்கு ராத்திரி அவள் போட்ட சோற்றை அவன் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றான். ஓமம் காய்ச்சித் தந்தாள். அதையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் முற்பகல் வழக்கம்போலச் சமைக்க என்று சண்முகவள்ளி களத்திலிருந்து கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும், கூலிக்கு மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்த பூமயில் நிமிர்ந்தாள். வாயில் வெற்றிலை. கண்ணில் குறும்பு.

"ஏண்ணே, ஒங்க வீட்டுக்கு விருந்தாளு வந்திருக்காகளா?"

"இல்லையே. ஏன்?"

"நேத்து ஆட்டத் தேடி அங்கிட்டு வந்தேன். ஒரே ஆம்பளச் சத்தம். தடபுடன்னு கெடக்கு."

"டிவி ஓடியிருக்கும்."

"டிவியா? அதக் கதவச் சாத்திக்கிட்டா பாப்பாக?" என்று சொல்லிவிட்டு பூமயில் துப்பினாள். பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்த தலையை இன்னும் குனிந்துகொண்டார்கள். அவர்கள் சிரிப்பது முதுகில் தெரிந்தது.

செல்லச்சாமி கழன்று கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்துக்கொண்டு நடந்தான். எதற்கு எடுத்தான் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்கு அந்த வீட்டில் ஒருத்தன் இருந்தால், நாளைக்குத் தனக்கு வீடு என்று ஒன்று இல்லை. அது மட்டும் தெரிந்தது.

தூரத்திலேயே பார்த்துவிட்டான். மூக்கு கடலைப் பார்த்திருந்தது.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ கனமாக விழுகிற சத்தம். ஒரு ஆண் முக்கினான். பிறகு சண்முகவள்ளி சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது. "விடாத, தூக்கி எறி அவன!" என்றாள். அவளோடு சேர்ந்து இன்னொரு ஆளும் சிரிப்பது கேட்டது.

காம்பால் கதவில் ஓங்கி அடித்தான். "வள்ளி!"

சிரிப்பு நின்றது. ஏதோ உருண்டது. பாத்திரம் ஒன்று தட்டுப்பட்டது. கதவு திறக்க நேரமானது. திறந்தவள் முகத்தில் வேர்வை.

"என்னங்க, இந்நேரத்துல?"

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. புள்ளியே இல்லாத தெளிவான படம். அரைக்கால் ஜட்டி போட்ட இரண்டு வெள்ளைக்காரத் தடியன்கள் ஒருவனை ஒருவன் கழுத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். தரையில் வறுத்த கடலை, இரண்டு டம்ளர்.

இரண்டு.

"யாரு வந்தது?"

"யாரும் வரல."

கூடத்து மூலையில் மிளகாய் மூட்டைகள் சுவரை ஒட்டாமல் அடுக்கிக் கிடந்தன. அங்கேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. அடக்கப் பார்த்து அடங்காமல், அடுத்தடுத்து வந்தது. செல்லச்சாமி காம்பை ஓங்கியபடியே போய் மேல் மூட்டையை இழுத்துத் தள்ளினான். மூட்டை வாய் பிரிந்து மிளகாய் கொட்டியது. நெடி எழும்பி அவன் கண்ணிலும் ஏறியது. கண்ணீருக்குள்ளே, முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது ஒரு பெண் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தம்பி பெண்டாட்டி நாகலெட்சுமி.

"அடிச்சுப்புடாதீக பெரிய மச்சான்" என்றாள், தும்மிக்கொண்டே. "அக்கா மேல குத்தமில்ல. நான்தேன் இந்த மல்லுக்கட்டுக்குப் பைத்தியமா வருவேன். நீங்க பாத்தா அக்காவ அவுக அப்பன் வீட்டுக்கு அனுப்பிப்புடுவீகன்னுதேன் ஒளிஞ்சேன்."

செல்லச்சாமிக்குக் கை இறங்கியது. சிரிக்க வேண்டும் போலக்கூட இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "இவ எதுக்கு என் வீட்டுப் படியேறுனா?"

சண்முகவள்ளி மண்வெட்டிக் காம்பைப் பார்த்தாள். கொட்டிக் கிடந்த மிளகாயைப் பார்த்தாள்.

"இவளத் தேடியா காம்பெடுத்துக்கிட்டு வந்தீக?"

அவன் கண்ணைத் துடைத்தான்.

"நூலு கட்டுனீகளே, அத நான்தேன் அறுத்தேன். பைப்பு காத்துல ஆடாம இருக்கக் கட்டியிருக்காகன்னு நெனச்சு நானே திரும்பக் கட்டுனேன். அது காத்துக்கு இல்லயா?" குரல் உயரவில்லை. "மூட்டைக்குப் பின்னால யாரு இருப்பான்னு நெனச்சுத் தள்ளுனீக? சொல்லுங்க."

"அடி ஆத்தி" என்றாள் நாகலெட்சுமி மெதுவாக. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. டிவியில் விழுந்தவன் எழுந்து அடித்தவனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

"நீ வாடி" என்று சண்முகவள்ளி ஓரகத்தியின் கையைப் பிடித்தாள். "ஒங்க வீட்டுக்குப் போவம். அங்கன காம்போட எவரும் வர மாட்டாக." வாசலில் நின்று திரும்பினாள். "நான் திரும்பி வரணும்னா நீங்க வந்து கூப்பிடணும். எதுக்கு வந்தீகன்னு கேப்பாரு ஒங்க தம்பி. உள்ளதச் சொல்லிக் கூப்பிடுங்க."

செல்லச்சாமி டிவியை அணைத்தான். மிளகாயை அள்ளி மூட்டையில் போட்டான். களத்துக்குத் திரும்பவில்லை. வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எழுந்து போனான். இருபது அடி இருக்கும் தம்பி வீடு. பனைச் சண்டைக்குப் பிறகு அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை.

மருதுபாண்டி வாசலிலேயே மறித்து நின்றான். அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். கையைப் பார்த்தான். கை வெறுங்கை என்று தெரிந்தும் அவன் பார்வை மாறவில்லை.

"மத்தியானத்துலருந்து ரெண்டு பொம்பளைகளும் வாயத் தெறக்க மாட்டேங்குறாக. இப்ப நீ வார. என்ன, பனைக்கு ஏதும் புதுசா ரோசனையா?"

"பனைக்கு இல்லலே."

"பெறகு?"

உள்ளே கதவோரம் சண்முகவள்ளி நிற்பது தெரிந்தது. முகம் இருட்டில் இருந்தது. செல்லச்சாமி தொண்டையைச் செருமினான். தெருவில் பூமயில் வேலை முடிந்து போகிற நேரம். யார் காதில் விழுந்தாலும் விழட்டும்.

"எம் பொண்டாட்டிய சந்தேகப்பட்டுட்டேன்."

மருதுபாண்டிக்கு முகம் மாறியது. "யாரோட?"

"ஒம் பொண்டாட்டியோட."

மருதுபாண்டி அண்ணனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்பது போலப் பார்த்தான். உள்ளே நாகலெட்சுமி அடக்கமாட்டாமல் வெடித்துச் சிரித்தாள். மருதுபாண்டி சிரிப்பு வந்த பக்கம் திரும்பினான். அவன் புருவம் இப்போது தன் பெண்டாட்டியைப் பார்த்து நெரிந்தது. "நீ அங்கன எதுக்குடி போன?"

சண்முகவள்ளி சிரிக்கவில்லை. கொழுந்தனைத் தாண்டி, புருஷனைத் தாண்டி, தெருவில் இறங்கினாள். வலிக்கிற காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து முன்னால் நடந்தாள். செல்லச்சாமி பின்னால் போனான். சேர்ந்து நடக்க இரண்டு எட்டு வைத்தால் போதும். வைக்கலாமா வேண்டாமா என்று அவள் முதுகைப் பார்த்துப் பார்த்து யோசித்தபடியே வீடுவரை வந்துவிட்டான்.