அண்ணியின் மூச்சு

ரசிகர்கள் அவரை இரும்புத்தொண்டை என்பார்கள். எனக்கு அவர் அண்ணா. அவருடைய நான்கு ராக் ஆல்பங்களுக்கும் ஒலிப்பதிவு செய்தவள் நான். பன்னிரண்டு வருடம் மைக் பக்கமே வராமல் இருந்த மனிதர், அண்ணி இறந்த நான்காம் மாதம் போன் செய்து, புது ஆல்பம் பண்ணப் போகிறேன் என்றார். துக்கத்தை மறக்க ஒரு வேலை தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து உடனே சரி சொன்னேன்.

குரல் போயிருந்தது. மேல் ஸ்தாயிக்கு எட்டவில்லை. இரண்டு வரிக்கு ஒரு இருமல், இருமலுக்கு ஒரு வெந்நீர். அதில் எனக்கு வருத்தமில்லை. அறுபத்தாறு வயதில் கரகரப்பும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. எட்டுப் பாட்டு முடித்தோம். ஒன்பதாவது அண்ணியைப் பற்றியது. அதைத் தொடங்கும் முன் தன் போனை என் மேசைமேல் வைத்தார்.

"இதைப் பாட்டுக்கு அடியில போடணும்மா. கேளு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஆக்சிஜன் கருவியின் உறுமல். அதற்குள் யாரோ மூச்சு இழுக்கிறார்கள். நிற்கிறது. மறுபடி இழுக்கிறார்கள். அது அண்ணி என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கடைசி நாள் எடுத்தது," என்றார். "ரெண்டு மூச்சுக்கும் நடுவுல எவ்வளவு சரியா நிக்குது பாரு. நம்ம டிரம்மரை விட நல்லாத் தாளம் பிடிக்கிறா."

அவர் விரல்கள் மேசைமேல் அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தன. வாந்திக்கு முன்னால் வாயில் நீர் ஊறுமே, அப்படி எனக்கு ஊறியது.

"அண்ணா, இது வேணாம்."

"மறைச்சு வெச்சா அது பாட்டா? ஒரு இடத்தை மட்டும் வெட்டிடு. நடுவுல என்னவோ பேசுறா."

அவர் டீ குடிக்கப் போனதும் அந்த இடத்தைத் தேடினேன். மூன்றாவது நிமிடத்தில் இருந்தது. முகமூடிக்குள்ளிருந்து வந்தாலும் தெளிவான குரல். "போதும். அதை அணைச்சிடுங்க." பதிவை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் நான்கு நிமிடம் அது ஓடியது.

வெட்டினேன். பொய் சொல்ல விருப்பமில்லை. அவர் வெட்டு என்றால் வெட்டியும் ஒட்டு என்றால் ஒட்டியும் பழகிய கை. மூச்சை மட்டும் எடுத்து, உறுமலைக் குறைத்து, கிட்டாருக்கு அடியில் வைத்தேன். திரும்பி வந்தவர் கண்ணை மூடிக் கேட்டார். தலையாட்டினார்.

"மூச்சை இன்னும் கொஞ்சம் ஏத்து."

மறுநாள் காலை அவர் மகளை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். அண்ணிக்குத் துணி மாற்றியது, வாய் துடைத்துவிட்டது எல்லாம் அவள்தான். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாது என்று அண்ணா அறை வாசலோடு நின்றுவிடுவார்.

மகள் முழுப் பதிவையும் கேட்டாள்.

"அன்னைக்கு, நான் பாத்துக்கிறேன், நீ போய் மருந்து வாங்கிட்டு வான்னு அப்பாதான் அனுப்பினாரு, அத்தை," என்றாள். "அவரா இப்படிச் சொல்றாருன்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. சந்தோஷமாப் போனேன்."

பதினோரு மணிக்கு அண்ணா வந்தார். மகள் பெரிய ஸ்பீக்கரில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள்.

"அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுச்சாப்பா?"

அவர் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கி, நீர் மூக்கோரமாக இறங்கியது. அப்பாடா, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வெட்டினதைத் திரும்ப வெச்சிடும்மா. 'அணைச்சிடுங்க'ன்னதும் எல்லா வாத்தியமும் டக்குனு நிக்கட்டும். பாட்டை அங்கேயே முடிச்சிடலாம்."

நடிப்பில்லை. அழுகை நிஜம்தான். அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது.

மகள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் அவர் கண்ணெதிரிலேயே என் கம்ப்யூட்டரில் இருந்த மூச்சு முழுவதையும் அழித்தேன்.

"பரவாயில்லம்மா, போன்ல இருக்கு," என்றார். கோபம்கூட வரவில்லை அவருக்கு.

வேறு இடத்தில் வேறு ஆளை வைத்து முடித்துக்கொண்டார். ஆல்பம் வந்தது. ஒன்பதாவது பாட்டைத்தான் எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். மகள் அப்பா வீட்டுக்குப் போய் அம்மாவின் துணிமணிகளை எடுத்துவந்தாள். அதோடு அந்த வீட்டுப் படியேறுவதை விட்டுவிட்டாள்.

போன வாரம் பல் டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் அந்தப் பாட்டைப் போட்டாள். எல்லா வாத்தியமும் நின்றதும் என் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டி மேல எவ்வளவு பாசம் பாருங்க," என்றார் என்னிடம்.

என் முறை வருவதற்குள் எழுந்து, பல் வலியோடேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.