குறையை முதலில் சொல்

சர்க்கரைக்கு அந்தப் பெயர் வந்தது நோயால் அல்ல, நாக்கால். இல்லாத ஒரு மனையை மூன்று பேருக்கு விற்றவன் அவன். மூன்றாவது ஆள் போலீஸ் அதிகாரியின் மாமனார் என்று தெரியாமல் போனதால்தான் இங்கே கம்பி எண்ணிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் விடுதலை. போக்கிடம் என்றால் அக்கா வீடு ஒன்றுதான். அத்தான் தன் பேக்கரியில் வேலை கொடுத்தால் பிழைத்தான். இல்லாவிட்டால் பழைய கூட்டாளிகள் சிறை வாசலிலேயே காத்திருப்பார்கள்.

வெளியே போகப்போகிறவர்களுக்குச் சிறையில் வியாபார வகுப்பு நடந்தது. பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள்தான் டீச்சர். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: குறையை முதலில் சொல், விலையை அப்புறம் சொல்.

சொல்வது சுலபம். தச்சுவேலை கற்ற ஒரு கைதி, "இந்த ஸ்டூலு ஆடும்" என்று சொல்லிவிட்டு, விலங்கு மாட்டச் சொல்வதுபோல் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அடுத்து அதுதான் நடக்கும் என்று பழகிய கை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

சர்க்கரையின் வியாதி வேறு. வாளி விற்கச் சொன்னார்கள். "கைப்பிடி கொஞ்சம் லூசு" என்று யோக்கியமாகத்தான் ஆரம்பித்தான். வாங்குபவராக நடித்த வார்டர் லேசாகத் தலையாட்டினார். அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் அந்த வாளியில் ஒரு ராணி குளித்திருந்தாள்.

"ராணி எங்கடா இங்க வந்தா?" என்று டீச்சர் மேஜையைத் தட்டினார்.

"அவர் தலையாட்டிட்டாரே டீச்சர்!"

அந்த வாரமே அத்தான் பார்க்க வந்தார். வகுப்பறையிலேயே உட்காரவைத்தார்கள். டீச்சர் ஒரு மூலையில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் வாய நம்பித்தான்டா வந்திருக்கேன்" என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. "நேத்து சுட்ட ரொட்டி தினமும் மிஞ்சுது. இன்னிக்குச் சுட்டதுன்னு சொல்லி விக்க எனக்கு வரமாட்டேங்குது, மூஞ்சியே காட்டிக்குடுத்துடுது. நீ வந்து கல்லாவுல உக்காரு. என்ன?"

சொல்லிவிட்டு அவரே தலையாட்டினார்.

வேலை கைக்கு வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் சர்க்கரைக்கு வாளியில் குளித்த ராணி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

"அத்தான், குறையை மொதல்ல சொல்லிடறேன்."

"ரொட்டியிலயா?"

"என்கிட்ட. யாராச்சும் தலையாட்டினா என் நாக்கு நிக்காது. இன்னிக்கு ரொட்டிய விப்பேன், நாளைக்கு உங்க கடையையே வித்துடுவேன். என்னை அடுப்புப் பக்கம் போடுங்க. அடுப்பு தலையாட்டாது."

அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. "அடுப்புக்கு ஆள் இருக்கு" என்று எழுந்து நடந்தார்.

அவரைத் திருப்பிக் கூப்பிடச் சர்க்கரையிடம் பத்துப் பொய் தயாராக இருந்தது. பத்தும் அருமையான பொய்கள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியது. டீச்சர் பலகையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

கதவுவரை போன அத்தான், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"மாவு பிசைய ஒரு ஆள் வேணும்னு அடுப்புக்காரன் நச்சரிக்கிறான். வந்து சேரு. கல்லா பக்கம் வந்தே, காலை ஒடைச்சிடுவேன்."

"வரவே மாட்டேன் அத்தான்!"

"அப்புறம்... இந்த நேத்து ரொட்டி விஷயம் உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

"நானா சொல்லமாட்டேன்."

"அவளா கேட்டா?"

சர்க்கரை திருதிருவென்று விழித்தான். "சொல்லிடுவேன் அத்தான்."

அத்தான் டீச்சரை ஒருமுறை முறைத்தார். "நல்லாத்தான் இருந்தான். கெடுத்துட்டீங்களேம்மா!"