அரைச் சிரிப்பு

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை. வாய் கொப்பளித்தபோது தண்ணீர் உதட்டின் வலது ஓரமாகத் தானே ஒழுகியது. இன்னொரு வாய் எடுத்தேன். அதுவும் ஒழுகியது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். இடது பக்கம் நான்தான் இருந்தேன். வலது பக்கத்தில் தூங்கி வழியும் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். புருவம் இறங்கிக் கிடந்தது. கண்ணைச் சிமிட்டினால் இடது இமை மட்டும் மூடியது.

என் பெயர் முத்துச்செல்வி. வயது முப்பத்திரண்டு. ஆனையூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு புரோகிராம் எழுதுகிறேன். மகள் சோலைக்கு அப்போது ஏழு மாதம். பேறுகால விடுப்பு முடிந்து மறுபடி வேலையில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. முந்தின நாள் காதுக்குப் பின்னால் வலித்தது. தூக்கமில்லாததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கணவர் அருண்பாண்டி சமயநல்லூரில் பள்ளி ஆசிரியர். பைக்கை எடுக்கப் போனவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"செல்வி, என்ன வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு?"

"தெரியலங்க. கண்ணும் மூட மாட்டேங்குது."

அவர் அப்பா பக்கவாதத்தில் போனவர். அன்று பள்ளிக்கு விடுப்புச் சொன்னாரா என்றுகூட எனக்கு நினைவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, அரைமணி நேரத்தில் நரம்பு டாக்டர் ராஜஸ்ரீயின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"நெத்தியச் சுருக்குங்க பாப்போம்," என்றார் டாக்டர்.

சுருக்கினேன். வலது பக்கம் தேய்த்துப் போட்ட துணி மாதிரி கிடந்தது.

"நெத்தியும் சுருங்கலையா? நல்லது," என்று அவர் சிரித்தார்.

அருண்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுல என்ன டாக்டர் நல்லது?"

"மூளையில அடைப்புன்னா பெரும்பாலும் நெத்தி தப்பிச்சிரும் சார். அதுக்கு மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் கட்டளை வருது. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாத்துக்கும். இவங்களுக்கு நெத்தியும் சேர்ந்து விழுந்திருக்கு. அப்ப கோளாறு மூளையில இல்ல. காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள வர்ற ஒரே ஒரு நரம்புல. முகவாதம்."

"சரியாயிருமா?"

"பெரும்பாலானவங்களுக்கு ஆயிரும். மாத்திரை வீக்கத்தத்தான் குறைக்கும். மத்ததை நரம்பே பாத்துக்கும்."

"எம்புட்டு நாளாகும்?" என்று குழறினேன்.

"சிலருக்கு மூணு வாரம். சிலருக்கு மூணு மாசம். அடி பலமா இருந்தா நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்னு வச்சுக்கங்க. நீங்க கண்ணை மட்டும் காப்பாத்துங்க. சொட்டு மருந்து விடுங்க, தூங்கும்போது இமையை ஒட்டிக்கங்க."

என் வேலை என்ன என்பதைச் சொன்னால்தான் அடுத்த நாட்களில் எனக்கு ஏற்பட்டது புரியும். குளிர்பெட்டியில் மருந்து ஏற்றிப் போகும் வேன்களைக் கண்காணிக்கும் புரோகிராமில் பத்து வருடமாக இருக்கிறேன். அதில் ஒவ்வொரு பகுதியையும் உயிரோடு இருக்கிறாயா என்று நிமிடத்துக்கொரு தடவை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் என் போன் அலறும். யாரும் பார்க்காமல் ஒரு பொருள் ஒழுங்காக ஓடும் என்பதை நான் நம்பியதே இல்லை.

இப்போது என் முகத்தில் நின்றுபோனவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். குக்கர் விசில் காதில் அறைந்த மாதிரி விழுந்தது. டாக்டரிடம் போனில் கேட்டேன். காதுக்குள் ஓர் அரிசி நீளத்தில் ஒரு தசை இருக்கிறதாம். பெரிய சத்தம் வந்தால் அது இழுத்துப் பிடித்து அடக்குமாம். அதற்கும் இதே நரம்புதானாம். ரசம் நாக்கின் இடது பாதியில் மட்டும் புளித்தது. கண்ணீர் வடிய வேண்டிய வழியில் வடியாமல் கன்னத்தில் வழிந்தது. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே சோறு தங்கியது. முப்பத்திரண்டு வருடமாக இவ்வளவு வேலை என் முகத்தில் நடந்திருக்கிறது. ஒரு நாள்கூட நான் விசாரித்ததில்லை.

சோலையிடம்தான் ரொம்ப பயந்தேன். பால் கொடுக்கும்போது துப்பட்டாவால் வலது பக்கத்தை மறைத்துக்கொண்டேன். அவள் அண்ணாந்து என் இடது கண்ணைப் பார்ப்பாள், துணியைப் பார்ப்பாள், மறுபடி கண்ணைப் பார்ப்பாள்.

பன்னிரண்டாவது நாள், புதிய திட்டத்தை வாடிக்கையாளருக்கு வீடியோவில் விளக்க வேண்டியிருந்தது. மேலாளர் கல்யாணராமன் முன்கூட்டியே கூப்பிட்டார்.

"முத்துச்செல்வி, சிரமம்னா கேமராவ அணைச்சிட்டுப் பேசுங்க. இல்ல, வேற யாரையாவது பேசச் சொல்லவா?"

"நானே பேசறேன் சார்," என்றேன். நான் எழுதியதை இன்னொருவர் விளக்குவதை என்னால் தாங்க முடியாது.

பன்னிரண்டு நாளாகக் கேமராவை அணைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் உதடு ஒட்டாமல் 'ப'வும் 'ம'வும் சொல்ல வராது. விரலால் உதட்டோரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால்தான் வரும். முகம் தெரியாமல் இந்தக் குழறலை மட்டும் கேட்டால் என்ன நினைப்பார்கள்? கேமராவைப் போட்டுவிட்டேன். பதினோரு பேர் கட்டங்களில் இருந்தார்கள். "எனக்கு முகவாதம் வந்திருக்கு, கொஞ்சம் மெதுவாப் பேசுவேன்," என்று ஆரம்பித்தேன். நாற்பது நிமிடம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசினேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். கடைசியில் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

எல்லோரும் போன பிறகு ஒருவன் மட்டும் கட்டத்தில் நின்றான். ராம்கி. நான் எழுதுவதைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பவன். விருதுநகர்க்காரன். நான்கு வருடமாகத் தினமும் திரையில் பார்க்கும் முகம்.

"அக்கா, எனக்கும் வந்துச்சு. ரெண்டு வருசம் முன்னாடி. எடது பக்கம்."

"என்னடா சொல்ற? எப்ப?"

"மூணு மாசம் கேமரா ரிப்பேர்னு சொல்லிட்டு இருந்தேன்ல, அப்ப. இந்தா பாருங்க." கிட்டே வந்து சிரித்தான். சரிசமமான சிரிப்பு. "இப்பக் கண்டுபிடிங்க பாப்போம், எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு."

கண்டுபிடிக்க முடியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் முடியவில்லை. ஓர் எலும்புப் பொந்துக்குள் அறுந்த மாதிரி கிடந்த ஒன்று, யாரும் சொல்லிக்கொடுக்காமல், நெற்றிக்குப் போக வேண்டியது நெற்றிக்கும் உதட்டுக்குப் போக வேண்டியது உதட்டுக்குமாக வழி தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் ஒரு வரியை மாற்றினாலே மூன்று இடத்தில் உடையும். அன்று அழுதேன். இடது கண்ணும் வலது கண்ணும் வெவ்வேறு விதமாக அழுதன.

அதன்பின் துப்பட்டாவை எடுத்துவிட்டேன். சோலை என் முழு முகத்தையும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வலது கன்னத்தில் கையை வைத்து ஒரு பிடி பிடித்தாள். வலித்தது. ஆனால் சிரித்தேன், பாதி வாயால். அவள் முழு வாயால் சிரித்தாள்.

இருபத்தைந்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. அருண்பாண்டி குழந்தைக்கு ராகிக்கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் புர்ரென்று ஊதி அவர் சட்டையெல்லாம் தெளித்தாள். நான் சிரித்தேன். அவர் கரண்டியோடு உறைந்துபோனார்.

"செல்வி, மறுபடி சிரி."

"எதுக்கு?"

"சிரிடி! ஓரத்துல துடிச்சுச்சு. நான் பாத்தேன்."

கண்ணாடிக்கு ஓடினேன். உதட்டோரத்தில், கடுகளவு, ஒரு துடிப்பு. நான் நினைத்தேன், அது வந்தது. நிறுத்தினேன், நின்றது. பத்து தடவை செய்து பார்த்தேன். கூடத்தில் அவர் குழந்தையைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

முழுதாகச் சரியாக அதற்குப் பிறகும் இரண்டு மாதம் ஆனது. பழங்காநத்தத்தில் வெள்ளைத்துரை என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் வாரம் இரண்டு தடவை போனேன். "அவசரப்பட்டு இழுக்காதீங்க, வர்றது அதுபாட்டுக்கு வரட்டும்," என்பதுதான் அவர் ஒவ்வொரு தடவையும் சொன்னது. போனை இப்போது என் முறை இல்லாத ராத்திரிகளில் கீழ்த்தளத்தில் வைத்துவிடுகிறேன். அலறினால் ராம்கி ஒரு வாரம், நான் ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டோம்.

கடைசி தடவை வெள்ளைத்துரையிடம் போன அன்று பெரியார் பஸ் நிலையத்தில் பஸ் மாறி ஏறினேன். கூட்டம் நிரம்பியும் பஸ் எடுக்கவில்லை. எதிர் சீட்டில் ஓர் அக்கா போனில், "இந்தா வந்துட்டேன், பழங்காநத்தம் எறங்கிட்டேன்," என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு கண் மூடி, ஒரு புருவம் ஏறி, உதடு சுழித்து, கன்னத்தில் குழி விழுந்து, அத்தனையும் ஒரு நொடிக்குள். பஸ் முழுக்க அப்படித்தான் இருந்தது. கொட்டாவி, முறைப்பு, மெல்லும் தாடை, யாரையோ நினைத்துத் தனியாகச் சிரிக்கும் ஒரு கிழவர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு மறுபடி அந்த அக்காவிடமே வந்து நின்றேன்.

"என்னம்மா, என்னயவே பாக்குற? மொகத்துல எதுவும் ஒட்டியிருக்கா?" என்றார் அந்த அக்கா.

"இல்லக்கா. மொகம் நல்லாருக்கு, அதான்."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தார். "கேட்டியா? அம்பத்தி மூணு வருசத்துல இப்பத்தான் ஒரு ஆளு சொல்லியிருக்கு."

கண்டக்டர் விசில் ஊத, பஸ் கிளம்பியது.